காது மந்தமானவரிடம் சத்தமாகப் பேசினால் போதாதா?

ஜனவரி 11, மாலை – கேள்வி

மாமியாருக்கு 71 வயது. நான் எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும் "என்ன? என்ன?" என்கிறார். மூன்றாவது தடவை குரலை உயர்த்தினால் "ஏன் கத்துறே?" என்று கோபம் வருகிறது. ஆனால் அவர் மகன் கூடத்தில் சாதாரணமாகப் பேசுவது மட்டும் கேட்டுவிடுகிறது. காது மெஷின் வாங்கிக் கொடுத்தும் இதே நிலைதான். நிஜமாகவே கேட்கவில்லையா, கேட்க வேண்டியதை மட்டும் கேட்டுக்கொள்கிறாரா? இன்னும் சத்தமாகப் பேசினால் போதாதா?

ஜனவரி 11, இரவு – பதில்

போதாது. பல நேரம் சத்தம்தான் காரியத்தைக் கெடுக்கிறது.

எனக்கு 46 வயது. எட்டு வருடமாக இரண்டு காதிலும் மெஷின். உங்கள் மாமியார் நடிக்கவில்லை என்று அடித்துச் சொல்வேன். "உனக்கு வேணும்னா மட்டும் கேக்கும்" என்ற பேச்சை நானும் வாங்கியிருக்கிறேன்.

வயதாகிக் காது மந்தமாகும்போது எல்லா ஒலியும் ஒரே அளவில் குறைவதில்லை. உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு குழல் இருக்கிறது. அதற்குள் சுமார் 15,000 மயிரணுக்கள், அதாவது மெல்லிய மயிர் போன்ற நீட்சிகள் கொண்ட உயிரணுக்கள். உயர்ந்த, கீச்சான ஒலிகளைப் பிடிக்கும் அணுக்கள் குழலின் வாசல் பக்கம் இருக்கின்றன. பெரும்பாலும் அவைதான் முதலில் போகும். போனவை மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை.

இப்போது நம் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அ, ஆ, ஓ போன்ற உயிர் ஒலிகள் சுருதியில் தாழ்ந்தவை, பலமானவை. ச, ஸ, த, ப, க இவற்றில் பலம் குறைவு. ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம் உயர்ந்த அதிர்வெண்களில்தான் இருக்கிறது. ஆக, என் காதில் உயிர் விழும், மெய் விழாது. "சாவி எங்கே வெச்சே?" என்று நீங்கள் கேட்டால் என்னிடம் வந்து சேருவது ஏறக்குறைய "ஆ-இ எ-ஏ எ-ஏ". யாரோ பேசுகிறார் என்பது நன்றாகத் தெரியும். என்ன பேசுகிறார் என்பது தெரியாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது திமிர் மாதிரித் தோன்றும்.

நீங்கள் கத்தும்போது பலம் ஏறுவது உயிருக்குத்தான். மெய் அங்கேயே நிற்கும், இன்னும் அமுங்கிப் போகும். இன்னொன்றும் உண்டு: உள்காது கெட்டவர்களுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, ஆனால் பெரிய சத்தம் மற்றவர்களைப் போலவே, சில நேரம் அவர்களைவிட அதிகமாக, உறைக்கும். "கேட்கவில்லை"க்கும் "தாங்கவில்லை"க்கும் நடுவில் உள்ள இடம் சுருங்கிவிடுகிறது. "ஏன் கத்துறே?" என்று அவர் கேட்பது கோபத்தில் மட்டும் அல்ல. வலிக்கிறது.

மகன் குரல் கேட்பதற்குக் காரணம், ஆண் குரல் பெரும்பாலும் தாழ்ந்தது. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய குரல் வேறு. கூடத்தில் அந்த நேரம் வேறு இரைச்சல் இல்லாமலும் இருந்திருக்கலாம். பேரக்குழந்தைகள் பேசினால் அவருக்கு எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். குழந்தைக் குரல்தான் எனக்கு மிகவும் கடினம்.

இன்றைக்கு ஒன்று மட்டும் செய்து பாருங்கள். வேறு அறையிலிருந்து பேச்சைத் தொடங்காதீர்கள். டிவியை நிறுத்திவிட்டு, ஒரு கை நீட்டினால் தொடும் தூரத்துக்குப் போய், அவர் உங்களைப் பார்த்த பிறகு வாயைத் திறவுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறைந்துவிடும். மெஷினின் மைக்குக்கும் அதே கணக்குதான். நான்கு மீட்டர் தள்ளி நீங்கள் பேசினால் அது மின்விசிறியையும் சேர்த்தே பெருக்கிக் கொடுக்கும்.

ஜனவரி 12, காலை

நேற்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டேன், திருத்திக்கொள்கிறேன். செவிப்பறையில் ஓட்டை, நடுக்காதில் நீர் கட்டுதல், அங்குள்ள சிறு எலும்புகள் இறுகுதல், காதுக்குரும்பி அடைத்துக்கொள்ளுதல் – இப்படிப்பட்ட கோளாறுகளில் ஒலி உள்ளே போகும் வழிதான் அடைபடுகிறது. உள்காது நன்றாக இருக்கும். அவர்களுக்குக் கொஞ்சம் சத்தமாகப் பேசினால் உண்மையிலேயே தெளிவாகக் கேட்கும். நான் சொன்னது உள்காதிலோ செவி நரம்பிலோ கோளாறு உள்ளவர்களுக்கு. இரண்டும் கலந்தவர்களும் உண்டு. எது என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது, பரிசோதனை செய்துதான் பார்க்க வேண்டும். மெஷின் வாங்கிய பிறகும் "இதே நிலை" என்றால் மெஷினின் வாயைக் குரும்பி அடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். எனக்கே அப்படி ஒரு மாதம் வீணாய்ப் போனது.

ஜனவரி 14

"அப்படியானால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

எல்லோரும் உதட்டைப் பார்க்கிறோம், நல்ல காது உள்ளவர்களும்தான். 1976இல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற இருவர் இதைக் காட்டினார்கள். "ப" என்ற ஒலியை ஓடவிட்டு, "க" சொல்லும் முகத்தைத் திரையில் காட்டினார்கள். பார்த்தவர்களில் பலருக்கு இரண்டும் இல்லாமல் "ட" போல மூன்றாவதாக ஒன்று கேட்டது. கண் சொல்வதையும் காது சொல்வதையும் மூளை தானாகவே கூட்டிக்கொள்கிறது. என் விஷயத்தில் காதின் பங்கு குறைவு, கண்ணின் பங்கு அதிகம், அவ்வளவுதான்.

ஆனால் உதடு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஒரு கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல் "மாமா" என்று சொல்லுங்கள். பிறகு "பாப்பா" என்று சொல்லுங்கள். வித்தியாசம் தெரிகிறதா? படம், மடம். பணம், மணம். படி, மடி. எல்லாவற்றுக்கும் உதடு மூடித் திறப்பதுதான் தெரியும். க, ங எல்லாம் தொண்டைப் பக்கம், வெளியே தெரியவே தெரியாது. ட, ண, ல, ள, ழ, ர எல்லாம் நாக்கு உள்ளே செய்கிற வேலை. கல், கண், கள் மூன்றுக்கும் என் கண் முன்னால் ஒரே வாய்தான்.

மிச்சத்தை எப்படி நிரப்புகிறேன்? ஊகித்து. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்தால் பத்தில் எட்டு இடத்தில் ஊகம் சரியாக விழும் என்று தோன்றுகிறது. இது என் கணக்கு, யாரும் அளந்தது அல்ல. விஷயம் தெரியாவிட்டால் முதல் மூன்று வாக்கியமும் போய்விடும். அதனால்தான் எங்களிடம் பேசும்போது முதலில் தலைப்பைச் சொல்லிவிடுங்கள். "வண்டி விஷயமாக ஒன்று கேட்கணும்" என்று ஒரு வாக்கியம். அதற்குப் பிறகு வருவது எல்லாம் வண்டிக்குள் அடங்கும் வார்த்தைகளாகத் தேடிப் பிடித்துக்கொள்வேன். பேச்சு நடுவில் வேறு விஷயத்துக்குத் தாவினால் அதையும் சொல்லுங்கள்.

ஜனவரி 14, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, இதை எழுதிவிடுகிறேன். நம் மொழியில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நமக்கு முடிவு வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். வருவாரா மாட்டாரா, இருக்கிறதா இல்லையா, முடியுமா முடியாதா – எல்லாம் வால் பகுதியில். "நாளைக்குக் காலையில அவரு அங்க வர..." என்பது வரை கேட்டும் எனக்கு ஒன்றும் தெரியாது. "றாரு" என்பதா, "ல" என்பதா? பேச்சு வழக்கில் "வந்தான்" என்பதன் கடைசி மெய் மூக்கொலியாகக் கரைந்துவிடும். "வந்தா" என்றால் அவள் வந்தாள் என்றும் ஆகும், வந்தால் என்றும் ஆகும். ஆமா, இல்லையா என்று கேட்கும் கேள்விக்கு முக்கிய அடையாளமான அந்த ஆகாரமும் கடைசியில்தான்.

நாம் எல்லோரும் குரலை இறக்குவதும் அங்கேதான். மூச்சு முடியும், தலை திரும்பும், பேசிக்கொண்டே எழுந்து போவோம். என்னிடம் பேசுபவர்கள் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றால் நான் கேட்பது இதைத்தான்: வாக்கியத்தின் வாலை விழுங்காமல், அது முடிகிறவரை என்னைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

ஜனவரி 17

முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் உங்கள் முகம் எனக்கு வெறும் நிழல். கையால் வாயை மறைக்காதீர்கள், எதையும் மென்றுகொண்டு பேசாதீர்கள். இருட்டில் பேச்சைத் தொடங்காதீர்கள். விளக்கு அணைந்தால் எனக்குக் காதும் அணைந்துவிடும். 2020இல் எல்லோரும் முகக்கவசம் போட்டபோது உதடும் போயிற்று, துணி வடிகட்டியதில் இருந்த கொஞ்சம் உயர்ந்த ஒலியும் போயிற்று. அந்தக் காலத்தில் எங்களில் பலர் வெளியே போய்ப் பேசுவதையே நிறுத்திக்கொண்டோம்.

ஜனவரி 18

"மெதுவாகப் பேச வேண்டும்" என்று இங்கே பலர் எழுதுகிறீர்கள். கொஞ்சம் கவனம். "நா... ளை... க்கு..." என்று எழுத்து எழுத்தாக இழுத்தால் உதட்டின் இயல்பான உருவம் சிதைந்துவிடும், வார்த்தை அடையாளமே தெரியாது. சாதாரண வேகத்தைவிடச் சற்றே நிதானம், தொடருக்குத் தொடர் ஒரு சின்ன நிறுத்தம். அது போதும். அந்த நிறுத்தத்தில்தான் நான் தவறவிட்டதை நிரப்பிக்கொள்கிறேன்.

ஜனவரி 20

எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தது.

என் அப்பாவுக்கு அறுபது தாண்டியதும் காது மந்தமாகத் தொடங்கியது. எனக்கு அப்போது இருபதுகளில் வயது, காது நன்றாக இருந்தது. குடும்பமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம், ஏதோ ஒன்றுக்கு எல்லோரும் சிரிப்போம். அப்பா நிமிர்ந்து பார்த்து "என்ன?" என்பார். நான் "ஒண்ணுமில்லப்பா, அப்புறம் சொல்றேன்" என்பேன். அப்புறம் சொன்னதே இல்லை. சொல்லும்படியாக அதில் ஒன்றும் இருக்காது, ஒரு சின்னக் கேலி, ஒரு வார்த்தை விளையாட்டு. அதைத் திரும்ப உரக்கச் சொன்னால் சிரிப்பு வராது என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் அவர் கேட்பதை விட்டுவிட்டார். நாங்கள் சிரித்தால் அரை நொடி கழித்து அவரும் சிரிப்பார். பிறகு அதுவும் நின்றது. செய்தித்தாளை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிடுவார். "அப்பாவுக்கு பேப்பர் இருந்தா போதும், உலகமே வேண்டாம்" என்று சொந்தக்காரர்களிடம் நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

எனக்கு 38 வயதில் மெஷின் மாட்டிய சில மாதங்களில் ஒரு நாள், நண்பர்கள் நடுவில் அதே அரை நொடி தாமதச் சிரிப்பை நான் சிரித்தேன். அப்போதுதான் அப்பாவின் செய்தித்தாள் புரிந்தது. அதைச் சொல்வதற்கு அவர் அப்போது இல்லை.

"ஒண்ணுமில்ல, விடு" என்று சொல்லாதீர்கள். விளக்கமாகச் சொல்ல நேரம் இல்லாவிட்டால் "பக்கத்து வீட்டு நாயைப் பத்தி ஒரு கேலி, முழுசா ராத்திரி சொல்றேன்" என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள், ராத்திரி சொல்லுங்கள். முக்கியமான செய்தி எப்படியாவது எங்களுக்கு வந்து சேர்ந்துவிடும், யாராவது எழுதியாவது காட்டிவிடுவார்கள். வராமல் போவது இந்த ஒன்றுமில்லாத விஷயங்கள்தான். கூட உட்கார்ந்திருப்பது என்றால் அவைதானே?

ஜனவரி 21

"நாங்களும் மனிதர்கள்தான், ஒரே விஷயத்தை எத்தனை தடவை சொல்வது?" என்று ஒருவர் காட்டமாகக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நேற்று எழுதியதில் பாரத்தை முழுக்க ஒரு பக்கம் ஏற்றிவிட்டேன்.

எங்கள் பக்கமும் ஒரு தவறு உண்டு: புரிந்த மாதிரித் தலையாட்டுவது. இதற்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். வேலை இடத்தில் ஒருவர் நடைவழியில் நின்று மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. இரண்டு தடவை கேட்டாயிற்று, மூன்றாவது தடவை கேட்கக் கூச்சமாக இருந்தது. சிரித்துக்கொண்டே "சரி சரி, நல்லது" என்றேன். அவர் முகம் மாறியது. அவர் சொன்னது, அம்மா தவறிவிட்டார் என்று. அன்று மாலை வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் வீட்டுக்குப் போய், கேட்காமலேயே தலையாட்டினேன் என்று சொன்னேன். மன்னித்தார். நான் அதற்குப் பிறகு எவரிடமும் தலையாட்டுவதில்லை.

இருவருக்கும் களைப்பு குறைய எனக்குத் தெரிந்த வழி இது. கேட்பவர் வெறுமனே "என்ன?" என்று கேட்காமல், கிடைத்ததைச் சொல்லிக் கிடைக்காததை மட்டும் கேட்கலாம்: "சனிக்கிழமைன்னு புரிஞ்சது, எத்தனை மணிக்கு?" சொல்பவருக்கு ஒரு வார்த்தை மட்டும் சொன்னால் போதும். சொல்பவர் இரண்டாவது தடவையும் புரியாவிட்டால் அதே வார்த்தையை மூன்றாவது தடவை சொல்லாமல் வேறு வார்த்தை போடலாம். எந்த வார்த்தை என் காதில் விழவில்லையோ அது பத்தாவது தடவையும் விழாது. எண்களில் எழுபது, எண்பது இரண்டும் எனக்கு எப்போதும் குழம்பும். "ஏழு, சைபர்" என்று பிரித்துச் சொன்னால் முடிந்தது.

காதால் கேட்பது எங்களுக்கு நாள் முழுக்கப் புதிர் போடுகிற மாதிரி. சாயங்காலம் ஆனால் மூளை ஓய்ந்துவிடும். காலையில் புரிந்த அதே குரல் இரவில் புரியாது. அப்போது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா இருப்பேன். யார் மேலும் கோபம் இல்லை. இதை வீட்டில் முன்பே சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 25

போன் பற்றிக் கேட்டவருக்கு. பழைய தொலைபேசி இணைப்புகள் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியைத்தான் கடத்தும். ச, ஸ போன்றவற்றின் பெரும்பங்கு அதற்கு மேலே இருக்கிறது. உதடும் தெரியாது. காதுக்கும் கண்ணுக்கும் ஒரே நேரத்தில் பட்டினி. வீடியோ அழைப்பு எவ்வளவோ மேல், படம் தடுமாறாமல் இருந்தால். எனக்குப் பிடித்தது குறுஞ்செய்திதான். "ஒரு போன் போட்டா ரெண்டு நிமிஷத்துல முடியுமே" என்று சொல்பவர்களுக்கு: உங்களுக்கு முடியும்.

பலர் சேரும் இணையக் கூட்டத்தில் பேசுகிறவர் கேமராவைப் போட வேண்டும், ஒரு நேரத்தில் ஒருவர் பேச வேண்டும். பேசத் தொடங்கும் முன் கை தூக்கினால், யார் பேசுகிறார் என்று தேடுவதிலேயே முதல் வாக்கியம் போகாமல் இருக்கும்.

பிப்ரவரி 2

பேச்சு வேறு பக்கம் போகிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். "செவிடன் காதில் சங்கு ஊதின மாதிரி" என்று இங்கேயே ஒருவர் எழுதியிருந்தார், கெட்ட எண்ணத்தில் அல்ல. அந்தப் பழமொழி எனக்கு வலிக்கிறது என்பது ஒரு பக்கம். அது உண்மையும் அல்ல. சங்கு பலமாக, தாழ்ந்த குரலில் முழங்கும் கருவி. என்னைப் போன்ற காதில் மற்ற எதையும்விட நன்றாக விழுவது அதுதான். விழாதது பக்கத்தில் உட்கார்ந்து கொண்டு முணுமுணுக்கும் பேச்சு.

"காது செவிடா?" என்பதைத் திட்டாகப் பயன்படுத்தும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். காது மந்தம், கேட்பதில் சிரமம், காது கேளாதவர் – எந்தச் சொல் வேண்டும் என்று அவரவரைக் கேட்டால் சொல்வார்கள். "ஊமை" வேண்டவே வேண்டாம். கேளாதவர்களுக்குக் குரல் இல்லாமல் இல்லை.

வாயை மறைத்துக்கொண்டு "இது கேக்குதா? இது?" என்று சோதித்துப் பார்ப்பவர்கள் உண்டு. பெரியவர்களே செய்கிறார்கள். செய்யாதீர்கள்.

பிப்ரவரி 9

எழுதிக் காட்டினால் அவமானமாக எடுத்துக்கொள்வாரோ என்று தயங்கியவருக்கு. காது கேட்காமல் போன ஜெர்மன் இசையமைப்பாளர் பேத்தோவன் நினைவுக்கு வருகிறார். 1802இல், 31 வயதில், தம்பிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அனுப்பவே இல்லை, அவர் இறந்த பிறகு கிடைத்தது. ஓர் இசைக்காரன் தனக்குக் காது கேட்கவில்லை என்று சொல்லி, உரக்கப் பேசுங்கள் என்று எப்படிக் கேட்பான் என்ற தவிப்பு அதில் இருக்கிறது. அதற்குப் பதினாறு வருடம் கழித்து, 1818 முதல், வீட்டுக்கு வருபவர்கள் முன் ஒரு நோட்டை வைத்தார். அவர்கள் எழுதினார்கள், அவர் பெரும்பாலும் வாயால் பதில் சொன்னார். அதனால் மிஞ்சியிருக்கும் நோட்டுகளில் ஒரு பக்கப் பேச்சுதான் இருக்கிறது.

என்னை உலுக்குவது அந்தப் பதினாறு வருடம்தான். எனக்கும் கூச்சம் விட ஐந்து வருடம் ஆயிற்று. இப்போது சட்டைப் பையில் சின்ன நோட்டும் பென்சிலும் இருக்கின்றன. கைப்பேசியில் பேச்சை எழுத்தாக்கும் செயலியும் உண்டு, தமிழிலும் ஓடுகிறது. ஒருவர் நிதானமாகப் பேசினால் பரவாயில்லை, இரைச்சலில் தடுமாறும், பெயர்களைக் குழப்பும். ஆனாலும் நான் தவறவிட்ட வார்த்தையை அது பிடித்துக் கொடுத்த நாட்கள் உண்டு.

பிப்ரவரி 11

பிறவியிலேயே காது கேளாத ஒருவர் எழுதியதைப் படித்தேன். "நீங்கள் சொல்வது எல்லாம் கேட்டுப் பிறகு இழந்தவர்களுக்கு. நான் எதையும் இழக்கவில்லை. என் மொழி சைகை மொழி." அவர் சொல்வது சரி. எழுதிக் காட்டுங்கள் என்று முந்தாநாள் எழுதியதிலும் ஓட்டை இருக்கிறது. சைகை மொழியில் வளர்ந்த ஒருவருக்கு நாம் எழுதும் மொழி இரண்டாம் மொழியாக இருக்கலாம். நீளமான வாக்கியங்கள் அவருக்கு எளிது என்று நாமே நினைத்துக்கொள்ளக் கூடாது.

சைகை மொழி கையால் எழுதும் தமிழோ ஆங்கிலமோ அல்ல, அதற்கு அதற்கென்று இலக்கணம் உண்டு. உலகம் முழுக்க ஒன்றும் அல்ல. அமெரிக்கர்களும் பிரிட்டிஷ்காரர்களும் வாயால் ஒரே மொழி பேசினாலும் அவர்கள் சைகை மொழிகள் வேறு வேறு, ஒருவருடையது இன்னொருவருக்குப் புரியாது. 1880இல் மிலானில் கூடிய ஆசிரியர் மாநாடு பள்ளிகளில் சைகையை ஒதுக்கிவிட்டு வாய்ப்பேச்சால் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதற்கு வருத்தம் தெரிவித்தது 2010இல், வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு. 130 வருடம். நடுவில் எத்தனை குழந்தைகளின் பள்ளி நாட்கள்!

அவர் சொன்னவற்றில் எனக்குப் புதிதாக இருந்தவை: மொழிபெயர்ப்பாளர் கூட இருந்தால் அவரைப் பார்த்து "இவர்கிட்ட சொல்லுங்க" என்று பேசாமல், கேளாதவரையே பார்த்து நேராகப் பேச வேண்டும். இருவர் சைகையில் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் கடக்க நேர்ந்தால் நின்று தயங்காமல் சட்டென்று போய்விட வேண்டும். தயங்கி நின்றால்தான் பேச்சு அறுபடும்.

பிப்ரவரி 20

ஒரு காது மட்டும் கேட்கும் நண்பர்களை மறந்துவிட்டோம். ஒலி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு காதும் வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் திரும்பித் தேடுவார்கள். சிரிக்காதீர்கள், கை அசையுங்கள். அவர்களுக்கு எந்த நாற்காலி என்பது பெரிய விஷயம்.

மார்ச் 3

இன்று உலகச் செவித்திறன் நாள். உலகச் சுகாதார அமைப்பின் 2021 அறிக்கைப்படி ஏதோ ஓர் அளவில் கேட்பதில் குறை உள்ளவர்கள் 150 கோடிக்கும் மேல். உலகில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். நாங்கள் அபூர்வமானவர்கள் அல்ல.

காது சோதனைக்காகப் போன ஓர் இடத்தில், கதவுக்குப் பின்னாலிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். காத்திருந்த எல்லோருக்கும் காதில்தான் குறை. எனக்கு முன்னால் ஒரு முதியவர் இரண்டு முறை தன் முறையை இழந்துவிட்டு, கடைசியில் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார், உட்காரவே இல்லை. வெளியே வந்து அவர் முகத்தைப் பார்த்துக் கை காட்டியிருந்தால் போதும். அப்போது கோபத்தில் வெளியே வந்துவிட்டேன், எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அடுத்த முறை போனபோது சொன்னேன். எண் காட்டும் பலகை வைக்கப் பார்க்கிறோம் என்றார்கள்.

மார்ச் 4

பேட்டரி பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள், சுருக்கமாக. மெஷினில் போடும் துத்தநாகக் காற்று பேட்டரி காற்றுப் பட்டால்தான் வேலை செய்யத் தொடங்கும். ஸ்டிக்கரைப் பிய்த்ததும் மாட்டாமல் சில நிமிடம் திறந்து வைத்துவிட்டு மாட்டுங்கள். பிய்த்த பிறகு ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டி வைத்தால் மிச்சமாகும் என்று நினைக்க வேண்டாம். பேச்சு நடுவில் என் பேட்டரி தீர்ந்தால் "ஒரு நிமிஷம்" என்று கை காட்டுவேன். அந்த ஒரு நிமிடம் பேசாமல் காத்திருப்பவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

மார்ச் 8

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து எழுதியிருக்கிறார். நேரில் போய், டிவியை நிறுத்திவிட்டு, மாமியார் கவனம் திரும்பத் தோளைத் தொட்டாராம். அவர் திடுக்கிட்டுப் போய், கையைத் தட்டிவிட்டு, அன்று முழுக்கப் பேசவில்லையாம்.

இது என்னால் வந்தது. "அவர் உங்களைப் பார்த்த பிறகு" என்று எழுதினேனே தவிர, எப்படிப் பார்க்க வைப்பது என்று எழுதவில்லை. பின்னாலிருந்து வந்து தொட்டால் எனக்கும் தூக்கிவாரிப் போடும், வருவது காதில் விழுவதில்லையே. முன் பக்கமாகச் சுற்றி வாருங்கள். அறைக்குள் நுழையும்போது விளக்கை ஒரு முறை அணைத்துப் போடலாம். மரத் தரையாகவோ மேஜையாகவோ இருந்தால் இரண்டு தட்டு தட்டலாம், அதிர்வு போய்ச் சேரும். என் மகள் மேஜையில்தான் தட்டுவாள்.

இன்னொன்று, நானும் இங்கே எழுதிய யாரும் இதுவரை சொல்லாதது: அவரிடமே கேட்டீர்களா? எந்தக் காதில் நன்றாக விழுகிறது, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வசதி, எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்று?

மார்ச் 10

கேட்டாராம். இடது காதில்தான் நன்றாகக் கேட்கிறது என்றாராம். கூடத்தில் அவருடைய நாற்காலி இருப்பதோ இடது பக்கம் சுவரை ஒட்டி, இரண்டு வருடமாக. எல்லோரும் அவருக்கு வலது பக்கம்தான் உட்காருகிறார்கள்.

நாற்காலியை அவரிடம் சொல்லாமல் நகர்த்த வேண்டாம், அந்த இடம் அவருக்குப் பழகியிருக்கும். முதலில் நீங்கள் இடம் மாற முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் எங்கே போடலாம் என்று அவரையே காட்டச் சொல்லுங்கள். ஜன்னல் உங்கள் முதுகுப் பக்கம் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.